கஞ்சியும் பயறும், சாம்பாரும் முட்டையும்: எல்லையோரப் பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாடு

கொழிஞ்சாம்பாறைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

பாலக்காட்டின் கிழக்கோரம், தேவிகுளம், பீர்மேடு, களியக்காவிளை, சித்தூர், நகரி என்று எல்லையை ஒட்டி வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் வேறு எழுத்து. பள்ளிக்கூடம் சிலருக்கு இந்தப் பக்கம், சிலருக்கு அந்தப் பக்கம். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்களேன். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனதும் சேர்த்திதான்.

நானே ஆரம்பிக்கிறேன். கேரளப் பக்கம், தமிழ் மீடியம், தொண்ணூறுகளின் தொடக்கம். ரேஷன் புழுங்கலரிசிக் கஞ்சியும் பாசிப்பயறும். திங்கள் முதல் வெள்ளி வரை அதேதான். தட்டு நாம் கொண்டுபோக வேண்டும். பைக்குள் தட்டும் ஸ்கேலும் உரசுகிற சத்தத்தை வைத்தே எவன் ஓடி வருகிறான் என்று சொல்லிவிடலாம். முதலில் தட்டைத் தூக்கிக் கஞ்சித்தண்ணியைக் குடிப்போம், அடியில் நிற்கிற சோற்றில் பயறைப் பிசைந்து தின்போம். காசு உள்ளவன் பெட்டிக்கடையில் எட்டணா ஊறுகாய்ப் பாக்கெட் வாங்கி வருவான். அன்றைக்கு அவனைச் சுற்றித்தான் கூட்டம்.

என் பெரியம்மா மகன் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளி. அவனுக்குச் சோறும் சாம்பாரும். அதோடு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. சத்துணவில் முட்டை வந்தது 1989இல். மே மாத லீவில் யாருடைய பள்ளிக்கூடம் பெரிது என்று பேச்சு வந்தால் அவன் நேராக முட்டையில்தான் ஆரம்பிப்பான். எங்களிடம் அதற்குப் பதிலே இருக்காது.

---

லயத்துக்காரி (மூணாறு, இப்போது திருப்பூர்)

தம்பி, நீங்கள் கஞ்சிக் காலம். நான் அதற்கும் முந்தின உப்புமாக் காலம்.

கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து கேரளத்துப் பள்ளிகளுக்குத் தானியமும் எண்ணெயும் பால்பவுடரும் கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுக்கும்தான். எங்களுக்கு வந்தது கோதுமை நொறுக்கு. சில நாள் மஞ்சள் சோள ரவை. எண்ணெய் டின்னில் இரண்டு கை குலுக்குகிற படமும், அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று இங்கிலீஷில் எழுத்தும் இருக்கும். காலி டின்னுக்குப் பள்ளிக்கூடத்தில் அடிதடி. எங்கள் லயத்தில் (தேயிலை எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) பாதி வீட்டு வாசலில் அந்த டின்னில்தான் ரோஜாச் செடி. யார் கையை யார் குலுக்குகிறார்கள் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஜூன், ஜூலையில் எங்கள் ஊர் மழை எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஸ்வெட்டர் நனைந்தால் நாலு நாள் காயாது. அந்தக் குளிரில் பழைய கணக்கு நோட்டுத் தாளைக் கிழித்து நீட்டினால் அதில் ஒரு கரண்டி உப்புமா விழும். உடனே தின்ன மாட்டோம். தாளோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்போம். விரல் சூடேறிய பிறகுதான் வாய்க்கு. அடியில் உள்ள உப்புமாவில் இங்க் ஒட்டியிருக்கும், அதையும் விட மாட்டோம். தாளிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கடுகு, எப்போதாவது மிளகாய். அந்த எண்ணெய்க்கு ஒரு தனி வாசம். வேறு எங்கேயும் அதை நான் மோந்ததில்லை.

பால்பவுடர் கரைத்துக் கொடுப்பார்கள். கரைக்கிறதற்கு முன்னாலேயே கட்டி கட்டியாகத் திருடித் தின்பதுதான் வழக்கம். அது மேல் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். டீச்சர் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்ல வாய் வராது. யார் யார் திருடினார்கள் என்று ஹாஜர் எடுக்கும்போதே தெரிந்துபோகும்.

அம்மா மத்தியானம் கொழுந்து நிறுக்க வருகிற இடம் பள்ளிக்கூடத்துக்குக் கீழ் வளைவில். சில நாள் நான் என் பங்கில் பாதியை மடித்து எடுத்துப் போய்க் கொடுப்பேன். அவள் தூக்குவாளியில் வைத்திருக்கிற சாயத்தண்ணியை, அதாவது பால் ஊற்றாத டீயை, எனக்குக் கொடுப்பாள். வீட்டில் ஆட்டுக்கல்லில் அரைத்த ஒரு துவையல், ரேஷன் சோறு, இதுதான் அவளுடைய சாப்பாடு.

கஞ்சி வந்தது 1984 டிசம்பரில். முதலில் கடலோர மீனவ கிராமங்களில். மலைக்கு ஏறி வர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. அதைச் சாப்பிட்டவன் என் தம்பி, நானில்லை.

---

மரச்சீனி (களியக்காவிளை)

அக்கா தாளில் வாங்கினார்கள், எங்கள் பக்கம் இலை. கஞ்சிக்குக் கரண்டியும் இலைதான். பழுத்த பிலாவிலையை (பலா இலை) மடித்துக் கோட்டி ஓர் ஈர்க்கு குத்தினால் கரண்டி தயார். கஞ்சி குடித்து முடித்ததும் ஆட்டுக்கு. கழுவுகிற வேலையே இல்லை.

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. அதற்குப் பிறகு தமிழ்நாடு. ஆனால் அடுக்களைக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் 1982இல் சத்துணவு வந்து சோறு, சாம்பார் என்று ஊற்றியபோது எங்கள் பாட்டிக்கு ஒரே வருத்தம். "உச்சைக்குப் பிள்ளைக்குக் கஞ்சி இல்லையா, சோறா போடுகிறார்கள்?" என்று கேட்பாள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் இருந்த அத்தை மக்களுக்கு எண்பதுகளின் பின்பாதியில் கஞ்சியும் பயறும் வந்ததும் அவளுக்குத் திருப்தி. அரசாங்கம் என்றால் அதுதான் அரசாங்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டிலிருந்து கொண்டுபோகிற நாளில் அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகாய் அரைத்ததும். அதைத் திறந்து வைத்துத் தின்ன எங்களுக்கு வெட்கம். அது இல்லாதப்பட்டவன் சாப்பாடு என்று பேர். டிபன் மூடியைப் பாதி மூடிக்கொண்டே தின்போம். இப்போது அதே மரச்சீனியையும் மீன்கறியையும் மண்சட்டியில் வைத்து, ஏசி ஹோட்டலில் என்ன விலைக்கு விற்கிறான் பார்த்தீர்களா?

---

தறிக்காரன்_நகரி

கேரளாக்காரர்கள் கஞ்சியா, சோறா என்று பேசுகிறீர்கள். ஆந்திரப் பக்கத்தில் நாங்கள் படித்த காலத்தில் கொடுத்தது வெறும் அரிசி. வேகாத அரிசி.

1995 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏற்கெனவே சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாநிலம் உட்படப் பல இடங்களில் சமைக்க வசதி இல்லை என்று மாதம் 3 கிலோ தானியமாகக் கையில் கொடுத்தார்கள். அதுவும் 80 சதவீதம் வருகை இருந்தால்தான். மாதக் கடைசியில் பள்ளிக்கூடமே ரேஷன் கடை ஆகிவிடும். சார் ஒருவர் தராசைப் பிடிப்பார், இன்னொருவர் ஹாஜர் புத்தகத்தைப் பார்த்து "நீ போன வாரம் வரவில்லையே" என்பார். அம்மை போட்டுப் படுத்திருந்த பையன் அழுதுகொண்டே காலிப் பையோடு போனதைப் பார்த்திருக்கிறேன். அரிசியைக் கொண்டுபோனால் அது பிள்ளைக்கா சேரும்? வீட்டு உலையில் எல்லோருக்குமாக வேகும். எங்கள் வீட்டில் அதை இட்லிக்கு ஊறப்போட்டார்கள்.

மத்தியானம் மணி அடித்தால் வீட்டுக்கு ஓட்டம். நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கமெல்லாம் தெரு முழுக்கப் பவர்லூம். எங்கள் வீட்டில் முன்கூடத்தில் தறி, பின்னால் அடுப்பு. கேழ்வரகுக் களி உருண்டை, வேர்க்கடலைச் சட்னி, இல்லாவிட்டால் புளிச்சகீரை கடைந்தது. தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. இன்னும் ஓர் உருண்டை வேண்டுமா என்று அம்மா ஒரு விரலைத் தூக்கிக் கேட்பாள், நாங்களும் கையாலேயே போதும் என்போம். மாம்பழக் காலத்தில் கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பு, மிளகாய்த்தூள். களிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டு எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே என் சித்தி பிள்ளைகள். அவர்களுக்குச் சுடச்சுடச் சோறு, முட்டை. 1960 ஏப்ரல் 1க்கு முன்னால் பள்ளிப்பட்டும் நாங்களும் ஒரே சித்தூர் மாவட்டம். தாத்தா அந்த எல்லைக் கமிஷன் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கோட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கமாகப் போட்டிருந்தால் எனக்கும் முட்டை கிடைத்திருக்கும்.

2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், அரிசியாகக் கொடுக்கக் கூடாது, சமைத்துத்தான் போட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆந்திராவில் 2003 ஜனவரியில் சமைக்க ஆரம்பித்தார்கள். நான் அதற்குள் ஹைஸ்கூல். என் தங்கைக்குக் கிடைத்தது.

---

இரட்டைஇலை_72

இதெல்லாம் சரி. புரட்சித்தலைவர் 1982இல் போட்ட திட்டத்தைப் பார்த்துத்தான் இந்தியாவே போட்டது. அதை முதலில் எழுதுங்கள்.

---

விருதுநகர்_வெயில்

அதற்கு முன்னால் காமராஜர் என்று ஒருவர் இருந்தார், கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

---

மட்டுறுத்துநர்

கட்சிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சாப்பாடு மட்டும்.

---

பழையதாள்

மட்டுறுத்துநர் மன்னிக்க, இரண்டு வரி மட்டும். 1920இல் நீதிக்கட்சிக்காரர் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள். தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம். அது சில வருஷத்தில் நின்றுபோனது. 1956இல் காமராஜர் காலத்தில் மாநிலம் முழுக்க. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கி வைத்தார். முட்டை 1989இல் கருணாநிதி காலத்தில், 2010இல் அது வாரத்துக்கு 5 ஆனது. யார் பெயரையும் விடவில்லை என்று நினைக்கிறேன். இனி கஞ்சிக்குத் திரும்புவோம்.

---

கம்பம்மெட்டு

இழை முழுக்க ஒரே மணமாக இருக்கிறது. கொஞ்சம் புழுவையும் போடுகிறேன்.

நான் சத்துணவுப் பிள்ளை. தமிழ்நாட்டுப் பக்கம், எண்பதுகளின் கடைசி. அம்மா ஏலக்காட்டு வேலை. விடியற்காலையில் ஜீப் வந்துவிடும். கம்பத்திலும் போடியிலும் இன்றைக்கும் பார்க்கலாம், இருட்டோடு ஜீப்பில் பெண்களை அடைத்துக்கொண்டு மெட்டு ஏறுவார்கள். அவள் கிளம்புகிற நேரத்தில் எனக்கு முழிப்பே வராது. ராத்திரிச் சோறு மிஞ்சியிருந்தால் தண்ணி ஊற்றி வைத்திருப்பாள். மிஞ்சாத நாள்தான் அதிகம். அதனால் எனக்கு மத்தியானச் சாப்பாடு என்பது அன்றைக்கு முதல் சாப்பாடு. மூன்றாவது பீரியடில் சாம்பார் கொதிக்கிற வாசம் வந்தால் கணக்கு, அறிவியல் எதுவும் மண்டையில் ஏறாது.

அந்தச் சோறு எப்படி இருந்தது? பழுப்பாக இருந்தது. மூட்டை வாசம் அடித்தது. வண்டு மிதந்தால் ஒதுக்கிவிட்டுத் தின்றோம். சாம்பார் பல நாள் மஞ்சள் தண்ணி. இதை ருசி என்று இப்போது எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஆனால் நீங்கள் டிபன் பாக்ஸும் கொண்டுவந்தவர்களா என்று மட்டும் கேட்கத் தோன்றும். வேறு சாப்பாடும் உள்ளவன் வரிசையில் நிற்பதற்கும், அதை விட்டால் எதுவும் இல்லாதவன் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் டிபன் பாக்ஸ்காரர்கள் வேப்பமரத்தடியில். தட்டுக்காரர்கள் சமையல்கூடத் திண்ணையில். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. முதல் நாளே எப்படியோ பிரிந்துவிட்டோம். தட்டுக்காரர்களுக்குள்ளேயும் காலனிப் பிள்ளைகள் திண்ணையின் அந்த ஓரம். அதையும் யாரும் சொல்லவில்லைதான். பள்ளியின் பெயரெல்லாம் வேண்டாம், எந்தப் பள்ளியிலும் இதே கதைதான்.

ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர், சத்துணவு சாப்பிடுகிறவர்கள் கை தூக்குங்கள் என்று தினமும் எண்ணிக்கை எடுப்பார். அவர் வேலை அது. சமையல்கூடத்துக்கு எண்ணிக்கை போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்குகிறவனுக்கு அது வெறும் எண்ணிக்கை இல்லை. வளர வளரக் கை தாழ்ந்துகொண்டே வந்தது. எட்டாவதில் பாதிப் பையன்கள் பசியோடு மைதானத்தில் கிரிக்கெட் ஆடினார்கள்.

என்னைக் கேட்டால் உண்மையில் வேண்டியிருந்தது காலைச் சாப்பாடு. அது 2022 செப்டம்பரில்தான் வந்தது. மதுரையில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு. உப்புமா, கிச்சடி, பொங்கல். ஜீப் ஏறுகிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இது என்ன என்று எங்கள் ஊரில் வந்து கேளுங்கள். என் அம்மாவுக்கு இப்போது முழங்கால் போய்விட்டது, மெட்டு ஏறுவதில்லை. அந்தச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, "அப்போதே போட்டிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்

அண்ணே, சண்டைக்கு எழுதவில்லை. எங்கள் கஞ்சியிலும் கல் இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். எங்கள் பள்ளியில் உட்காருகிற இடம் அவ்வளவாகப் பிரியவில்லை. காரணம் நல்ல மனசு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் கடலைக்காட்டுக் கூலி, கள்ளுத் தோப்பு, செங்கல் சூளை. டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆள் இருந்தால்தானே பிரிவதற்கு.

கை தூக்குகிற கதை எங்களுக்கும் உண்டு. எங்கள் சார் அதைக் கேட்காமல் அடுக்கியிருக்கிற தட்டை எண்ணிக்கொண்டு போய்விடுவார். இப்போது யோசித்தால் பெரிய காரியமாகத் தெரிகிறது.

---

டீச்சர்_மகள் (வாளையார் பக்கம்)

வேப்பமரத்தடிக்காரி ஒருத்தியும் பேசட்டுமா? அம்மா அதே பள்ளியில் டீச்சர். அதனால் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டாயம். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், வெள்ளிக்கிழமை தயிர்சாதம். ஆறிப்போய் விறைத்திருக்கும். எதிரே ஆவி பறக்கிற கஞ்சி. நான் கேட்டால் அம்மா முறைப்பார், டீச்சர் பிள்ளை பிள்ளைகளின் பங்கைத் தின்றாள் என்று பேர் வரக் கூடாதாம்.

அதனால் சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு பரிமாற்றம் நடக்கும். என் எலுமிச்சைச் சாதம் மொத்தமும் ஒருத்திக்கு, அவள் தட்டு எனக்கு. அவளுக்கு அது லாபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பம்மெட்டு அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, அந்த ஆறிய ஒரு டப்பா அவளுக்கு வயிறு நிறைந்திருக்குமா என்று யோசிக்கிறேன். கஞ்சி என்றால் இரண்டாம் தடவையும் ஊற்றுவார்களே.

---

அடுப்படி (சித்தூர், பாலக்காடு)

சாப்பிட்டவர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். சமைத்தவர்கள் பக்கத்திலிருந்து நான். என் அம்மா பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஓர் எய்டட் பள்ளியில் சமையல்காரி. ஆந்திரச் சித்தூர் இல்லை, தறிக்காரன் அண்ணன் குழம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஒரு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் உண்டு. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவில்லாதவர்களுக்கும் முன்னுரிமை என்று 1982இலேயே வைத்தார்கள். மத்திய அரசின் கணக்குப்படி 25 பிள்ளைக்கு ஓர் ஆள், 100 வரைக்கும் இரண்டு ஆள், அதற்கு மேல் நூற்றுக்கு ஒருவர். சம்பளம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்துக்கு 10 மாதம்தான். கேரளத்தில் நாள் கூலி அதைவிட ரொம்ப நல்லது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 500 பிள்ளை வரைக்கும் ஒரே ஆள். அம்மா தனி ஆள். தேங்காய் துருவ, பாத்திரம் கழுவ என்று இன்னோர் அக்காவைக் கூட்டிக்கொண்டு தன் கூலியிலிருந்தே பங்கு கொடுத்தாள். கூலி தாமதமாக வருகிற மாதத்தில் அந்த அக்காவுக்குக் கடன் வாங்கிக் கொடுப்பாள்.

நான் காலையில் அம்மாவோடு போய்விடுவேன். முதல் வேலை அரிசி புடைப்பது. கம்பம்மெட்டு அண்ணன் சொன்ன வண்டு எங்கே போகும் என்றால், புடைக்க ஆளும் நேரமும் இருந்தால் முறத்தோடு போகும், இல்லாவிட்டால் தட்டுக்கு வரும். ஓர் ஆள் நூறு பிள்ளைக்கு அரிசி புடைப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரள அரசின் மாவேலி ஸ்டோரிலிருந்து வருகிற சாக்கை அவிழ்த்ததும் அம்மா முதலில் கையை விட்டு மோந்து பார்ப்பாள். முகம் சுளித்தால் அன்றைக்கு நாலு தண்ணி கழுவல்.

சின்னப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, பெரிய வகுப்புக்கு 150 என்று கணக்கு. ஐந்தாவது படிக்கிற பையன் சில பேர் எட்டாவது படிக்கிறவனைவிட அதிகம் தின்பான், எட்டாவதுப் பெண்பிள்ளைகள் ஒரு கரண்டிக்கு மேல் வாங்க மாட்டார்கள். அந்த மிச்சம் இந்தப் பசிக்குப் போகும். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் நேராக இருக்கும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் சமையல்கூடத்துப் பக்கம் சும்மா சும்மா தண்ணி குடிக்க வருகிற பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொள்வாள்.

கஞ்சி மாறிச் சோறும் கறியும் வந்ததும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு இடுப்பு வலி. கஞ்சிக்கும் பயறுக்கும் இரண்டு பாத்திரம் போதும். இப்போது சோறு, அதில் ஊற்றிக்கொள்ள ஒழிச்சுக்கறி, தோரன் என்கிற பொரியல். வாரம் இரண்டு நாள் பால் காய்ச்ச வேண்டும், ஒரு நாள் முட்டை அவித்து உரிக்க வேண்டும். 2025இல் புது மெனு போட்டார்கள்: லெமன் ரைஸ், தக்காளிச் சோறு, வெஜிடபிள் பிரியாணி, ஃப்ரைட் ரைஸ். பேப்பரில் படம் நன்றாக இருந்தது. அம்மா ரிட்டயர் ஆகிவிட்டாள். படத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை கேரட்டை யார் நறுக்குவது என்றுதான் கேட்டாள்.

---

லயத்துக்காரி

அடுப்படி, உன் அம்மாவுக்கு என் கும்பிடு. எங்களுக்கு உப்புமா கிண்டின அம்மாவின் முகம் ஞாபகம் இருக்கிறது, பெயர் தெரியவில்லை. "உப்புமாக்கா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

---

கம்பம்மெட்டு

அடுப்படி எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க ஒன்றும் இல்லை. எங்கள் ஆயாவையும் நாங்கள் வண்டுக்காகத் திட்டியிருக்கிறோம்.

சம்பந்தமில்லாத ஒன்று. அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த காட்டு யானை அரிக்கொம்பன் 2023 மே மாதம் எங்கள் கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டான், தெரியும்தானே? சின்னக்கானல் பக்கத்திலிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அவன் மலை இறங்கி இங்கே வந்தான். யானைக்கும் எல்லை கிடையாது, செக்போஸ்டும் கிடையாது. ரேஷன் அரிசி மூட்டை வாசம் அவனுக்கு மட்டும் பிடித்திருக்கிறது.

---

தறிக்காரன்_நகரி

எங்கள் பக்கம் இப்போது நிலைமை தலைகீழ். அண்ணன் மகள் அரசுப் பள்ளிதான். முட்டை, வேர்க்கடலைச் சிக்கி, சில நாள் காலையில் ராகி ஜாவா. திட்டத்துக்கு 2020இல் ஒரு பெயர், 2024இல் ஆட்சி மாறியதும் டொக்கா சீதம்மா பெயர். அந்த அம்மாள் கோதாவரிப் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டில், வந்தவர்களுக்கெல்லாம் வேளை பார்க்காமல் சோறு போட்டவர். பெயர் பொருத்தம்தான், எந்தக் கட்சி வைத்தாலும்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் களி தின்று வெட்கப்பட்டோம். வீட்டில் கேழ்வரகு என்று வெளியே சொல்ல மாட்டோம். இப்போது அரசாங்கமே அதைக் கரைத்து டம்ளரில் கொடுக்கிறது. பிள்ளை அதைக் குடித்துவிட்டு வந்து எங்கள் அம்மாவிடம் "அவ்வா, உனக்கு ராகி ஜாவா தெரியுமா?" என்று கேட்கிறாள். அம்மா பதில் சொல்லாமல் போய் ஓர் உருண்டை களி கிண்டிக் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளைக்கு இறங்கவில்லை.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்

அடுப்படி, ஒரு வேண்டுகோள். அந்தப் பயறு எப்படி? நானும் என் வீட்டுக்காரியும் கோயம்புத்தூரில் பல தடவை செய்து பார்த்தாயிற்று. குழைந்து பருப்பாகிவிடுகிறது, இல்லாவிட்டால் நறுக்கென்று நிற்கிறது.

---

அடுப்படி

குக்கரில் வைத்தால் வராது அண்ணா. அம்மாவிடம் கேட்டே எழுதுகிறேன்.

பயறை வெறும் சட்டியில் லேசாக வறுக்க வேண்டும், நிறம் மாறக் கூடாது, வாசம் வந்தால் போதும். பிறகு கழுவித் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணியில் வேகவிட வேண்டும். ஊறப்போட வேண்டியதில்லை. பாதி வெந்ததும் தீயைக் குறைத்து மூடி வைக்க வேண்டும். தோல் வெடித்து, ஆனால் மணி உடையாமல் இருக்கிற பதம். உப்பு அதற்குப் பிறகுதான். முதலிலேயே போட்டால் சீக்கிரம் வேகாது என்பது அம்மா கட்சி. தேங்காயெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், வரமிளகாயை இடித்துப் போட்டது, கறிவேப்பிலை. தேங்காய் துருவல் பள்ளிக்கூடத்தில் எப்போதாவதுதான், காசு பார்த்து.

---

மரச்சீனி

தேங்காய் இல்லாமல் பயறா? எங்கள் பக்கம் தேங்காயோடு சீரகமும் பூண்டும் கொரகொரப்பாக ஒதுக்கி அரைத்துப் போடாவிட்டால் அதைத் துவரன் (தோரன்) என்றே சொல்ல மாட்டோம்.

---

தறிக்காரன்_நகரி

எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் தலைக்கு மட்டும். கடலை எண்ணெயில் தாளித்தால் ஆகாதா?

---

அடுப்படி

ஆகும் அண்ணா. ஆனால் பதிவில் பாலக்காட்டுப் பயறு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மரச்சீனி அண்ணா, முன்னூறு பிள்ளைக்குத் தேங்காய் நீங்கள் துருவிக் கொடுங்கள், சீரகம் பூண்டு எல்லாம் அம்மா போடுவாள்.